எனக்காக ஜெபிக்க வேண்டாம்

எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஜெபித்தார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அப்போது நாங்கள் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நானும் என் மனைவியும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். காருக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் அவளுக்கு நிரந்தர வேலை. நான் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட். மகளுக்கு நான்கு வயது. எனக்கு நைட் ஷிப்ட், அவளுக்குக் காலை ஷிப்ட் என்று வரும் வாரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்குவேன். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் வந்துவிட்டால் பிள்ளை அக்கம்பக்கத்து வீடுகளில் கிடக்கும். ஒருநாள் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்றார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அவள் வேலை நிலைத்த வேலை. அவள் போகட்டும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பழகும்வரை நான் வீட்டில் இருக்கிறேன் என்று முடிவு செய்தோம். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

வீட்டுக்கார அம்மாவுக்குப் புரிந்தது. அவர் இந்து, அந்த ஊர்க்காரர். நான் துணி காயப்போடுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார். "இன்னாபா, வூட்லயே கீற, வேலை போயிட்ச்சா?" விஷயத்தைச் சொன்னேன். "அதனால இன்னா இப்போ? எங்க வூட்டாளு வேலைக்கும் போவாது, துணியும் தொவைக்காது. நீயாச்சும் ஒண்ணு செய்றியே" என்று போய்விட்டார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் அதைப் பேசவே இல்லை.

சபைக்குத்தான் புரியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் நடந்த சின்ன சபை அது. முக்கால்வாசி தெற்கத்தி ஆட்கள். ஆராதனை நடுவில் பாஸ்டர் ஜெபக்குறிப்பு சொல்லுவார். யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம் தட்டிப் போகிறது என்று சொல்லிவிட்டு கடைசியில் என்னிடம் வருவார். "நம்முடைய சகோதரன் ஒருவர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். குடும்பத்துக்குத் தலையாக இருக்கவேண்டியவர். கர்த்தர் அவரை உயர்த்தும்படி எல்லாரும் பாரத்தோடு ஜெபிப்போம்." பெயர் சொல்ல மாட்டார். பெயர் எதற்கு? மொத்தக் கூட்டமும் திரும்பி என்னைத்தான் பார்க்கும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கதறுவார்கள். மடியில் உட்கார்ந்திருக்கும் என் மகள், "அப்பா, ஏன் உங்களுக்காக அழுதாங்க? உங்களுக்குக் காய்ச்சலா?" என்று கேட்பாள்.

மகளுக்கு ஜடை பின்னுவது நான்தான். நன்றாகவே பின்னுவேன். ஒருநாள் ஆராதனை முடிந்து வாசலில் அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்தேன். சபை மூப்பர் பார்த்துவிட்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். "தம்பி, வேதம் உம்மைத் தலையா இருக்கச் சொல்லுது. நீரு தலை வாரிக்கிட்டு இருக்கீரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல கேலிதான், நானும் சிரித்தேன். அதையே அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் சொன்னார். எத்தனை தரம்தான் சிரிப்பது?

பாஸ்டரிடம் நேராகவே போனேன்.

"பாஸ்டர், என் பேருல போடுற ஜெபக்குறிப்பை எடுத்துருங்க. நான் வேலை தேடலை."

"பிரதர், ஜெபம் வேண்டாம்னா சொல்லுதீங்க?"

"ஜெபம் வேண்டாம்னு சொல்லலை. எனக்கு வேலை வேணும்னு ஜெபிக்காதீங்கன்னு சொல்லுதேன்."

"உங்களுக்கு என்ன தேவைன்னு உங்களுக்கே தெரியாம இருக்கலாம். கர்த்தருக்குத் தெரியும்."

அப்படியானால் அவரிடமே விட்டுவிடலாமே, நீங்கள் எதற்கு ஞாபகப்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஜெபம் இன்னும் சத்தமாக நடந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். அது குழந்தைச் சத்தம் அதிகம் கேட்காத சபை. புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகளை ஊரில் விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் கோடை லீவுக்கும் போய்ப் பார்ப்பார்கள். பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்க்கவேண்டியது தகப்பனின் கடமை என்று பாஸ்டர் பிரசங்கிப்பார். பிள்ளையைப் பார்த்து மாசக்கணக்கான ஆண்கள் "ஆமென்" என்பார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்த எனக்காகக் கண்ணீர் விடுவார்கள். என்னையும் சின்ன வயதில் போர்டிங்கில்தான் விட்டார்கள். ஒவ்வொரு லீவுக்கும் என் அப்பாவோடு பேச்சைப் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கும். தொடங்குவதற்குள் லீவு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பாஸ்டரும் மூப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி ஷிப்டில் இருந்தாள். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். மீன் வாடையோடு எழுந்து நின்றேன்.

"கையைக் கழுவிட்டு வாரும். கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுட்டாரு" என்றார் மூப்பர். அவருடைய கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. நிரந்தரம். ஷிப்ட் மாறி மாறி வரும்.

"பிள்ளையை யாரு பாப்பா?" என்றேன்.

"உம்ம கொழுந்தியா வீடு ஊர்லதானே இருக்கு? அனுப்பிரும். இங்க எல்லாரும் அப்படித்தானே செய்யுதோம்?" என்றவர் மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, சித்தி வீட்டுக்குப் போறியா? அங்க ஆடெல்லாம் இருக்கு."

"அப்பா வருவாங்களா?"

"அப்பா லீவுக்கு வருவாங்க."

அவள் போய் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபிக்கக் கூப்பிட்டார். வெளியே வரவே இல்லை.

"நாளைக்கு நீங்க சாட்சி சொல்லணும் பிரதர்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

மனைவி வந்ததும் சொன்னேன். சட்டென்று வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வயர் இழுத்து இழுத்துத் தோல் உரிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சூப்பர்வைசரா?" என்று கேட்டாள். "நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்து பேசுவோம்" என்று படுத்துவிட்டாள்.

ஞாயிறு. பாஸ்டர் மைக்கை என் கையில் கொடுத்தார். சாட்சி சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லுவது வழக்கம்.

"எனக்கு ஒரகடத்துல வேலை கிடைச்சிருக்கு" என்றேன்.

"ஸ்தோத்திரம்!"

"சூப்பர்வைசர் வேலை."

"ஸ்தோத்திரம்!"

"நான் போகப் போறதில்லை."

பின்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் பழக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்றுவிட்டார். பக்கத்திலிருந்தவர் அவரை இடித்தார்.

நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த வராது. "ஊதாரிப் பிள்ளை கதை எல்லாருக்கும் தெரியும். அவன் தூரத்துல வரும்போதே அவங்க அப்பா பார்த்துட்டாரு. எப்படிப் பார்த்தாரு? வீட்டுல இருந்தாரு, பார்த்தாரு. செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தா யாரு பார்த்திருப்பா? தகப்பன்தான் தலைன்னு சொல்லுதீங்க. சரி. தலை ஒரகடத்துலயும் உடம்பு திருநெல்வேலியிலயும் கிடந்தா அதுக்குப் பேரு குடும்பமா?"

"பிரதர், சாட்சி சாட்சியா இருக்கணும்" என்று பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். உடனே பாட்டைத் தொடங்கினார்கள்.

வெளியே வந்ததும் மூப்பர் என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். அது எனக்குப் பெரிதில்லை. இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டிருந்த ஒரு வெல்டர் என் எதிரில் வந்து நின்றார். "நாங்க என்ன ஆசைப்பட்டா அனுப்பியிருக்கோம்? உமக்குப் பொண்டாட்டி சம்பளம் இருக்கு, பேசிட்டீரு. ஏன்வே எங்க வயித்துல அடிக்கீரு?" என்றார். அவர் சொன்னது நியாயம். நான் சொன்னதும் நியாயம். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த மைக்கைப் பிடித்தவர்கள்தான் பேசியிருக்க வேண்டும். அவர்கள் ஒருநாளும் பேசவில்லை.

ஹைவே ஓரமாக நடந்தோம். மகள் முன்னால் ஓடினாள். லாரிச் சத்தத்துக்கு நடுவில் மனைவி பேசத் தொடங்கினாள்.

"தலை தலைன்னு அவங்க சொன்னா உங்களுக்குக் கோவம் வருது. இன்னைக்கு நீங்க யாரைக் கேட்டு முடிவு சொன்னீங்க?"

"நீ வேண்டாம்னுதானே சொல்லுவ?"

"சொல்லுவேனோ என்னவோ. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கும் விடியக்காலம் பஸ் பிடிச்சுப் பிடிச்சு இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு வருஷமாவது வீட்டுல இருக்கலாமான்னு ராத்திரி பூரா நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். பிள்ளையை அனுப்பாம நான் வேலையை விடலாமேன்னு உங்க மூணு பேருக்கும் தோணலையே."

உண்மையிலேயே தோணவில்லை. பாஸ்டருக்கும் மூப்பருக்கும் தோணவில்லை, எனக்கும் தோணவில்லை. எரிச்சல் முழுவதும் அப்படியே திரும்பி என் மேலேயே விழுந்தது. அது யாருக்குப் பிடிக்கும்? "இப்பக் கேக்கேன், சொல்லு" என்று கத்தினேன். எதிரே சைக்கிளில் வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாதீங்க. யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

ஒரு வாரம் யோசித்தாள். அந்த வாரம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டது கிடையாது. நிரந்தர வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது, நானே போகிறேன் என்று கடைசியில் சொன்னாள். ஆனால் ஒரு கண்டிஷன். அவளுக்குக் காலை ஷிப்ட் வரும் வாரங்களில் எனக்கு முன்னால் அவள் எழுந்திருக்க மாட்டாளாம். டீயும் டிபனும் தயாராக இருக்க வேண்டுமாம், பிறகுதான் எழுப்ப வேண்டுமாம்.

சரி என்றேன். ஜூன் மாதம் மகளை ஊருக்கு அனுப்பவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். லாரிகள் நிற்காத அந்த ரோட்டை நானும் அவளும் தினமும் கைபிடித்துக் கடந்தோம்.