மஞ்சக்குப்பத்தில் பூசாத வீடு

சிதம்பரத்தில் காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். கடலூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோர சீட் கிடைத்ததே பெரிய பாக்கியம். அங்கே மஞ்சக்குப்பத்தில் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் வீடு ஒன்றைப் பார்க்கப் போகிறேன், வேறென்ன வேண்டும்!

வீட்டை வாங்கியிருப்பவர் சலீம் பாய். லால்பேட்டைக்காரர், துபாயில் கடை வைத்திருந்து திரும்பியவர். அவர் சலாம் சொல்லி அழைத்தும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்ன சுவர்! ஒரு வரிசைச் செங்கல் நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில், இப்படியே மாடி வரைக்கும். ஜன்னல்களுக்கு மேலே ஆப்பு வடிவச் செங்கற்கள் வில்லாக வளைந்து நின்றன. இடையில் சுண்ணாம்புச் சாந்து, நூல் பிடித்தாற்போல். உள்ளே போனதும், சுவரின் கனத்துக்கு ஜன்னல் மேடையில் சம்மணம் போட்டே உட்கார்ந்தேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில், உள்ளே சில்லென்றிருந்தது.

"நல்லா பாத்துக்குங்க சார். நாளைக்குக் கொத்தனார் வர்றாரு, வெளிப்பக்கம் பூரா சிமெண்ட் பூச்சு," என்றார் பாய்.

நான் ஜன்னல் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். "ஏன் பாய்?"

பதில் அவர் மனைவி ஷமீமாவிடமிருந்து வந்தது. "மவளுக்கு நிக்காஹ் வருது சார். பூசாத வூடுன்னா, காசில்லாம பாதியில வுட்டுட்டாங்கன்னுதானே பேசுவாங்க? இன்னிக்கு மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க, மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

இந்தப் பயம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் பொரிந்து உதிரும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் உதிரட்டும்," என்று சொல்லிவிட்டு ஷமீமா சமையலறைக்குப் போய்விட்டார்.

பகலில் மாப்பிள்ளையின் தாயார் காரைவிட்டு இறங்கினார். முதலில் பார்த்ததே சுவரைத்தான். "என்னா சம்பந்தி, வூடு இன்னும் பூசலியா? கல்யாணத்துக்குள்ளயாவது முடிச்சிருவீங்கள்ல?"

ஷமீமாவின் முகம் சிவந்தது. போச்சு, சுவரின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"இதுக்குப் பூச்செல்லாம் கெடையாது சம்பந்தி. எங்க வூடு இப்படித்தான் இருக்கும். புடிச்சிருந்தா பொண்ணெடுங்க," என்றார் ஷமீமா.

பாய் அவசரமாக ரோஸ்மில்க் தட்டை நீட்டினார். அந்த அம்மாள் வெடித்துச் சிரித்தார். "யா அல்லா! நாங்க பொண்ணத்தானே கேட்டோம், வூட்டயா கேட்டோம்? உள்ள வுடுங்க, வெயிலு தாங்கல."

பிரியாணி பிரமாதம். மூன்று மணிக்குக் கிளம்பியபோது பாய் தெருமுனை வரை வந்து கிசுகிசுத்தார்: "பூச வேணாம்னு ஒரு வருஷமா சொன்னேன் சார், கேக்கல. சம்பந்தி ஒரு வார்த்த சொன்னதும் அவளுக்கு ரோஷம் வந்துடுச்சு பாருங்க!"

சிதம்பரத்தில் என் வீடு பூசி, பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. அதற்காக யாரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு விலை கொடுத்தது பாய்தான். ஷமீமாவுக்கு அது சொந்தமானது இன்றைக்குப் பகலில்.