வா என்று சொன்ன கை

எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்து நாலு விரலையும் உள்ளுக்கு அசைப்போம். வா என்று அர்த்தம். வெளிநாட்டுக் கப்பல்காரன் இதைப் பார்த்தால், போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். நான் வேலை பார்ப்பது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில். பல்வலி என்று இறங்குகிறவனை டாக்டரிடம் கூட்டிப்போவது, சிம் கார்டு வாங்கிக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹார்பர் கேட்டில் ஒருவனை நான் கைகாட்டிக் கூப்பிடக் கூப்பிட, அவன் பின்வாங்கிப் பின்வாங்கிப் போய் உப்பு லாரியில் அடிபடப் பார்த்தான். அன்றிலிருந்து அவர்களை உள்ளங்கையை மேலே திருப்பித்தான் கூப்பிடுகிறேன்.

இதைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஹார்பரில் சிக்னல்மேன். கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் அடிப்பகுதி தெரியாது. மேல்தட்டில் நிற்கும் அப்பாவின் கையைப் பார்த்துத்தான் சரக்கை இறக்க வேண்டும். “ஏளா, எந்த நாட்டுக்காரன் கிரேன்ல உக்காந்திருந்தாலும் எங் கை அவனுக்குப் புரியும்” என்று பீற்றிக்கொள்வார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது பக்கம் முழுக்கப் போயிற்று. மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவரும் நானும் மட்டும். தம்பி கனடாவில் இருக்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பையனும் இருக்கிறான். இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் அப்பா தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் மகனை ஒருதரம் நேரில் பார்ப்பது.

“ஏலே, அப்பா ஒன்னத் தேடுதாவ. ஒருக்கா வந்துட்டுப் போ” என்று போனில் சொன்னேன்.

“பாக்குதேன்க்கா. லீவு கெடைக்கணும்லா” என்றான்.

நான் சொன்னால் லீவு இல்லை என்பான், அப்பாவே கூப்பிட்டால் தட்டமாட்டான் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் வரும். அதில் கைகாட்டிக் கூப்பிடச் சொன்னதும் அப்பா முதலில் தயங்கினார். இடது கையால் யாரையும் கூப்பிடுவது எங்களுக்கு மரியாதை இல்லை. வேறு வழியில்லாமல் அதைத்தான் தூக்கினார். உள்ளங்கை கீழே, நாலு விரலும் உள்ளுக்கு. அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்த பேரன், “பை தாத்தா!” என்று கையாட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டான். பச்சைப்பிள்ளை, அவன்மேல் என்ன கோபம்? அவன் ஊரில் அதற்கு அதுதான் அர்த்தம்.

அடுத்த வாரம் தம்பியும் பக்கத்தில் இருந்தான். அப்பா மறுபடியும் கூப்பிட்டார். இவன் குனிந்து, பையனிடம் “தாத்தாவுக்கு டாட்டா காட்டு” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே அப்பா இதே மாதிரி கைகாட்டிக் கூப்பிட்டுத்தானே, இருட்டிய பிறகும் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவனைச் சோறு தின்ன வீட்டுக்குள் வரவழைத்தார்? மறந்துவிட்டானா, மறந்த மாதிரி நடிக்கிறானா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் கப்பல்காரர்களுக்குச் செய்வதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது.

“அப்பா, கையத் திருப்பிக் கூப்பிடுங்க. அங்கன உள்ளவங்களுக்கு அப்பிடித்தான் வெளங்கும்” என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். அவர் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. உள்ளங்கையை மேலே காட்டினால் இங்கே அதற்கு வேறு பெயர். கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் நீட்டுகிற கை அது. மூட்டை ஏற்றி இறக்கும் இடத்தில் காலம் முழுக்க நின்றும், அவர் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. ஆனாலும் மகன் வரவேண்டுமே. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் முகம் தெரிந்ததும் அப்பா கையைத் தூக்கித் திருப்பினார். கூப்பிட வேண்டிய விரல்கள் அசையவில்லை. விரிந்த கை மட்டும் போனுக்கு முன்னால் நின்றது.

தம்பி போனைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தான். இந்தத் தடவை அவனுக்குக் கை புரிந்துவிட்டது.

“என்னக்கா, ரூவா பத்தலையா? அப்பாட்ட சொல்லு, நாளைக்கே அனுப்பி உடுதேன்.”

அப்பாவுக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகக் கேட்கும். கையை மூடிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். ‘இல்லலே, ஒன்னத்தாம்லே கூப்பிடுதாவ’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தித்தான் புரியவைக்க வேண்டும் என்றால், புரிந்து என்ன ஆகப்போகிறது? சொன்ன மாதிரியே மறுநாள் பணம் வந்தது. அவன் வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கால் வருகிறது. அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கையை வெளியே எடுப்பதே இல்லை. பேரன்தான் ஒவ்வொரு வாரமும் என்னிடம் கேட்கிறான், தாத்தா ஏன் இப்போதெல்லாம் பை சொல்வதில்லை என்று.