லோர்னா மூடிய கேட்

என் மனைவி லோர்னாவின் வேலை மனிதர்களை எடை போடுவது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள எங்கள் ஊர் குனுனுர்ராவின் விமான நிலையத்திலிருந்து, மலைகளையும் அருவிகளையும் வானத்திலிருந்து காட்டும் குட்டி விமானங்கள் கிளம்பும். ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் அவள் முன்னால் தராசில் நிற்க வேண்டும். எண்ணைப் பார்த்து முகம் வாடுகிறவர்களிடம், "பாதி எடை உங்க பூட்ஸுதாங்க," என்பாள். திரும்பி வந்து இறங்குகிறவர்களையும் சும்மா விடமாட்டாள். "இரட்டை அருவி பாத்தீங்களா? தண்ணி சூடா இருக்குமா, சில்லுனு இருக்குமா?"

மேலே பறந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒரு ஜெர்மன்காரர் வெந்நீர் என்று சாதித்தார். பெர்த்திலிருந்து வந்த பாதிரியார் ஐஸ் மாதிரி என்றார்.

"ரெண்டு பேர்ல எவன் புளுகன், நெவ்?" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்.

பள்ளியில் புவியியல் நடத்தியவன் நான். பாறை, வெயில், ஆழம் என்று ஆரம்பித்தேன். கொட்டாவி விட்டாள். "நீயும் கைய வெச்சுப் பாக்கலைல்ல? அப்புறம் என்ன பேச்சு?"

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அக்டோபரில், கையை வைத்துப் பார்க்கக் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் அக்டோபரில் யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. தினமும் மேகம் கருத்து, புழுங்கி, ஒரு சொட்டுகூட விழாமல் கலைந்து போகும் மாதம் அது. மழை தொடங்கிவிட்டால் அடுத்த மே வரை பாதை கிடையாது.

வழியெல்லாம் மாட்டுப் பண்ணைகள். வேலிக்கு வேலி இரும்பு கேட். ஓட்டுகிறவர் இறங்கமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கித் திறக்க வேண்டும்.

"கல்யாணத்தன்னிக்கு இன்பத்திலும் துன்பத்திலும்னுதான்யா சொன்னாங்க. கேட்டுலயும்னு ஒருத்தரும் சொல்லலை," என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் இறங்கினாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். இங்கே நடை பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

மூன்றாம் நாள் ஒரு கேட்டில் எதிரே வெள்ளை வண்டி ஒன்று நின்றிருந்தது. பின்னால் கேரவன். பளபளப்பான தொப்பி போட்ட இளைஞன் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல வாங்க சார்!" என்று கையாட்டினான். நாங்கள் கடந்தோம். லோர்னா இறங்கி, "நீ கிளம்பு தம்பி, நாங்க மூடிக்கிறோம்," என்றாள். அவன் போனதும் கேட்டை இழுத்துச் சங்கிலி மாட்டினாள்.

ஏறியதிலிருந்து பேச்சில்லை. லோர்னா பேசாமலிருந்தால் நான் வண்டியில் ஏதாவது கோளாறா என்று பார்ப்பேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன். அவள் தன் மணிக்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெவ், அந்தப் பையன் கேட்டைத் திறந்தானா, இல்ல சாஞ்சுக்கிட்டு நின்னானா?"

"பிடிச்சுக்கிட்டு நின்னான்."

"திறந்ததைப் பாத்தியா?"

"பாக்கலை. ஏன்?"

கையை நீட்டினாள். மணிக்கட்டில் சிலந்தி நூல் ஒட்டியிருந்தது. "இழுக்கறப்போ வரவே இல்ல. அடியில புல்லு பின்னிக் கிடந்துச்சு. இப்பதான் திறந்த கேட்டுல சிலந்தி வலை கட்டுமா?"

அது மாதக்கணக்காகத் திறந்தே கிடந்த கேட். மாடுகள் தண்ணீருக்குப் போகட்டும் என்று பண்ணைக்காரர்கள் திறந்து வைத்தது. தண்ணீர்த் தொட்டி கேட்டுக்கு வடக்கே இருந்ததைக் கேட்டைத் தாண்டுமுன் பார்த்திருந்தோம். தெற்கே, மாடுகள் மேயும் பக்கம், நாங்கள் கடந்த ஓடைகளில் வெறும் மணல்.

வண்டியிலிருந்த பேசும் ரேடியோவில் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான் பதில்.

"திரும்பினா அருவிக்கு டீசல் போதாது, லோர்ன். நேரா ஊருக்குத்தான்," என்றேன். "அப்புறம் மழை பிடிச்சுக்கும்."

அவள் வெளியே பார்த்தாள். மேகம் கருத்துக்கொண்டிருந்தது. "மழை வந்தா ஓடையில தண்ணி வந்துடும், நாம திரும்ப வேண்டியதில்ல. அதானே சொல்ல வர்றே?"

"நான் அப்படிச் சொல்லலை."

"நினைச்சே. இந்த மேகத்தை நம்பி ஒரு துணி காயப்போடாம இருந்திருக்கியா நீ? வண்டியத் திருப்புய்யா."

திருப்பினேன்.

கேட்டை நெருங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. சாம்பல் நிறத் திமில் மாடுகள் வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. கன்றுகள் கத்தவில்லை, வாயைத் திறந்தபடி நின்றன. லோர்னா இறங்கிச் சங்கிலியைக் கழற்றி, கேட்டைப் பழையபடி புல்லுக்குள் தள்ளினாள். ஒரு மாடும் நகரவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்து மிரண்டன.

"பின்னால எடு, அதுங்களுக்கு உன் மூஞ்சி பிடிக்கலை."

தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். வெகுநேரம் கழித்து, கொம்பு உடைந்த ஒரு கிழட்டுப் பசு முதலில் நடந்தது. மற்றவை பின்னாலேயே போயின. லோர்னா தொட்டிவரை தொடர்ந்து போய், தரையில் உட்கார்ந்து பார்த்தாள். வந்து சொன்னாள்: "அந்தக் கிழவி முதல்ல குடிக்கலை, நெவ். மத்த எல்லாத்தையும் குடிக்க விட்டுட்டு நிக்குது. ஏன் அப்படி?"

"தெரியலை," என்றேன்.

"சபாஷ். இப்பதான் உண்மை பேசறே."

ஊர் திரும்பிய இரண்டாம் நாளே மழை கொட்டியது. படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லாதே," என்றாள். பிப்ரவரியில், மழை முடியும் முன், இதயம் நின்று இறந்துபோனாள்.

மே மாதம் பாதை திறந்ததும் தனியாகப் போனேன். தனியாகப் போகிறவன் ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு முறை இறங்க வேண்டும். திறக்க ஒருமுறை, வண்டியைக் கடத்திவிட்டு வந்து மூட ஒருமுறை. இது எனக்கு அதுவரை தெரியாது. அந்தக் கேட் மட்டும் திறந்தே கிடந்தது. கம்பிகளுக்குள் புல் வளர்ந்திருந்தது. இறங்க வேலையில்லை. இருந்தும் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

இரட்டை அருவியின் அடியில் பாறையில் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். மேலே வெதுவெதுவென்று இருந்தது. முழங்கை மூழ்கும் ஆழத்தில் சில்லென்றது. ஜெர்மன்காரரும் புளுகவில்லை, பாதிரியாரும் புளுகவில்லை.

அதற்கும் கீழே எப்படி இருக்கும்? அவள் அதைத்தான் கேட்டிருப்பாள். சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.