யார் முதலில் எழுவது

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் என் கணவருடைய அதிகாரி எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். பார்சிக்காரர், வயதானவர். இடம், ஃபோர்ட் பக்கம் ஒரு பெர்மிட் ரூம். மதுவிலக்குக் காலம். பெர்மிட் இருப்பவர்கள் குடிக்கலாம், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எனக்குப் போகவே மனமில்லை. குழந்தைக்கு நாலு மாதம். பால் புட்டியை வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாதுங்காவில் பக்கத்து வீட்டு மாமியிடம் அவனை விட்டு, மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

"பிரமோஷன் சமயம். ரெண்டு வார்த்தை நன்னா இங்கிலீஷ்ல பேசு, போறும்" என்று காலையிலேயே கணவர் சொல்லியிருந்தார்.

ஓவியர்கள் கூடும் இடமாம் அது. சுவரெல்லாம் படங்கள். நீலக் குதிரை, மூக்கில்லாத பெண்கள், இன்னதென்று தெரியாத சிவப்புத் தீற்றல்கள். ஒரு கடிகாரம் மாட்டக்கூட இடம் விட்டு வைக்கவில்லை. அதிகாரி பீரை வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். நான் டோஸ்டையும் வறுத்த உருளைக்கிழங்கையும் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பந்தியில் பெரியவர் எழாமல் மற்றவர் எழுவது மரியாதையில்லை. கை காய்ந்தாலும் காத்திருப்போம். இங்கும் அப்படித்தான் காத்திருந்தேன். அவரோ நீலக் குதிரையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். படித்த பெண்ணாயிற்றே, சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். ஐஸ்கிரீம் வந்தது. வேண்டாமென்றால் தப்பாக நினைப்பாரோ என்று சாப்பிட்டேன். அது முடிவதற்குள் காபி சொல்லிவிட்டார்.

மார்பு கனத்து வலித்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மேஜைக்கடியில் கணவர் காலை மெல்ல மிதித்தேன். எனக்கு இடம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, காலை நகர்த்திக்கொண்டார். மாமி என்ன செய்துகொண்டிருப்பாள், அழுது அழுது அவனுக்கு மூச்சு முட்டியிருக்குமோ, நான் வராமலே இருந்திருக்கலாமோ என்று மனம் ஓடியது. ரவிக்கை நனைவது தெரிந்ததும், நடப்பது நடக்கட்டும் என்று எழுந்துவிட்டேன்.

அதிகாரி துள்ளி எழுந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு, தன் சகோதரி வெகுநேரமாகத் தாதரில் காத்திருப்பதாகச் சொன்னார். பெண்கள் எழுவதற்கு முன் ஆண்கள் மேஜையை விட்டு எழக்கூடாது என்று வளர்ந்தவராம். நான் படங்களை ரசித்து உட்கார்ந்திருக்கிறேன், அவசரப்படுத்த வேண்டாம் என்றுதான் ஒவ்வொன்றாக வரவழைத்தாராம்.

ரயிலில் கணவர், "முன்னாடியே எழுந்திருந்தா என்ன?" என்றார்.

"நீங்க எழுந்திருக்கப்படாதோ?"

"நான் எப்படி எழுந்திருக்கறது? அவர் ஆபீசராச்சே."

மாதுங்காவில் இறங்கியதும் மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி உதட்டில் விரலை வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். கத்தித் தீர்த்துவிட்டு, கடைசியில் பாலாடையில் புகட்டிய பசும்பாலைக் கொஞ்சம் குடித்தானாம். இப்போதுதான் கண்ணயர்ந்தானாம்.

"தூக்கிடாதேடி. அவனா முழிச்சுக்கட்டும்" என்றாள்.

ஈர ரவிக்கையோடு தூளி அருகில் உட்கார்ந்தேன். அவன் அசையவில்லை. நானும் எழவில்லை.