சந்தனம் வைக்காத சைக்கிள்

பேத்தி ஆல்ப்ஸ் மலை ஆற்றோரமாக நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டிய வீடியோவை அனுப்பியிருந்தாள். அதில் கிணிங் கிணிங் என்று மணிச் சத்தம். என் வீட்டுக்கு வந்திருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "பொம்பளப் புள்ளய தனியாவா விட்டீங்க?" என்றார். எனக்கு அறுபது வருஷக் கோபம் பொங்கியது.

அப்போது எங்கள் சிங்கப்பூர் சிராங்கூன் வீட்டில், ஆயுத பூசைக்கு அப்பாவின் சைக்கிளைத் தேய்த்துக் கழுவிச் சந்தனம் வைத்தவள் நான். மறுநாள் காலாங் ஆற்றோரமாகவே போய், ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்கத் திட்டம். பின்சீட்டு எனக்குத்தான் என்று அண்ணன் சத்தியம் செய்திருந்தார். விடிந்ததும் தலைசீவி வாசலில் நின்றேன்.

"வயசுக்கு வந்தவ நீ எங்க வர்றே? கூட்டாளிங்க சிரிப்பாங்க லா!" என்று சொல்லி, மணியடித்துக்கொண்டே போய்விட்டார். சாயங்காலம் சேறோடு வந்த சைக்கிளையும் என்னைத்தான் கழுவச் சொன்னார்கள்.

அடுத்த வருஷப் பூசையில் அம்மா சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது, "ஓட்டுறவங்களே வச்சுக்கட்டும்" என்றேன். சாமி காரியத்தில் நான் மாட்டேன் என்றது அந்த ஒருமுறைதான். காளியம்மா அதை என்றைக்கோ மன்னித்திருப்பாள். நான்தான் அண்ணனை மன்னிக்கவில்லை.

வீடியோவை மறுபடி போட்டு, மணிச் சத்தத்தை அவர் காதோரம் பிடித்தேன்.

"ஆமாண்ணே, தனியாத்தான் போறா. யாரோட பின்சீட்டுக்கும் அவ காத்து நிக்கல."