எண்பதுக்கு மேலே

எண்பது சதவீதத்துக்கு மேலே சார்ஜ் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், யார் கேட்கப்போகிறார்கள்? நான் சொல்வது நெடுஞ்சாலையில், பின்னால் ஆட்கள் காத்துக்கிடக்கும்போதும் கன்னைக் கழற்றாதவர்களை. சார்ஜரின் வயர் நுனியில் இருக்கும் கைப்பிடியைத்தான் கன் என்கிறோம். எண்பதுவரை பேட்டரியில் மளமளவென்று ஏறும். அதற்குமேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நமக்குப் பைத்தியம் பிடிக்கும். மின்சாரக் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் செய்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

அக்கா இறந்த அன்று அப்படி ஒருவரிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

அக்காவை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது. நீண்ட நாளாகவே சுகமில்லை. கூடமாட ஒத்தாசைக்கு என் மனைவி அங்கே போயிருந்தாள். அவள்தான் விடிந்தும் விடியாமலும் போன் செய்து சொன்னாள். தகன மேடையில் மதியத்துக்கு நேரம் கொடுத்துவிட்டார்களாம், அதைத் தவறவிட்டால் மறுநாள்தானாம். அத்தானின் அண்ணன் அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். “அத்தையைப் பத்திரமாக் கூட்டிட்டு வாங்க. சொல்லிராதீங்க” என்று முடித்தாள்.

அத்தை என்றால் என் அம்மா. தச்சநல்லூரில் எங்களோடு இருக்கிறாள். நெஞ்சு பலவீனம். இந்த மாதிரி சேதியை எங்கள் பக்கம் வீட்டில் வைத்துச் சொல்வதில்லை. “மேலுக்கு முடியல, பாக்கணுங்கா” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவோம். வாசலில் இறங்கியதும் அங்கிருக்கிற பெண்கள் தாங்கிக்கொள்வார்கள். வாடகைக் கார் பிடித்திருக்கலாம். ஆனால் டிரைவர் வழியில் ‘துட்டி வீட்டுக்கா சார்?’ என்று சாவைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுவிட்டால் என்ன செய்வது? என் வண்டியிலேயே போவது என்று முடிவுசெய்தேன்.

வண்டியிலோ சார்ஜ் இல்லை. முந்தின நாள் அடித்த காற்றில் மரம் சாய்ந்து எங்கள் தெருவில் ராத்திரி முழுக்கக் கரண்டு கிடையாது. இருந்த சார்ஜுக்கு நாங்குநேரி தாண்டிக் கொஞ்ச தூரம் போகலாம், அவ்வளவுதான். நாங்குநேரியில் ஓர் ஓட்டல் வாசலில் வேகமாக ஏறும் சார்ஜர் இருக்கிறது. அங்கே கால்மணி, அரைமணி போட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

டவுணில் ஜவுளிக்கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து பிறந்த வீட்டுக் கோடி வாங்கினேன். கட்டிக்கொடுத்த பெண் இறந்துவிட்டால் பிறந்த வீட்டிலிருந்து போகிற சேலை அது. அரக்கு நிறம், அக்காவுக்குப் பிடித்தது. அதை டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்துவிட்டு வந்து அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்தேன்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. என் போன் வண்டியின் ஸ்பீக்கரோடு இணைந்திருக்கிறது. யார் என்ன பேசினாலும் வண்டி முழுக்கக் கேட்கும். திரையில் அத்தான் பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பதறிப்போய் இணைப்பைத் துண்டித்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“யாருலே?” என்றாள் அம்மா.

“ஆபீஸ்லேர்ந்தும்மா.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். லாரிகள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. அம்மாவின் நெற்றியில் வேர்த்து வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்து வந்து போனது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தேன். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது, அது ஒன்றுதான் எனக்கு.

நாங்குநேரி ஓட்டலில் வண்டியைத் திருப்பியபோது சார்ஜரில் இருந்த இரண்டு கன்னில் ஒன்றின்மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. ஆளைக் காணோம். கண்ணாடியில் போன் நம்பரும் இல்லை. வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவன் நம்பரை எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும், இது குறைந்தபட்ச மரியாதை. அதைக்கூடச் செய்யாதவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அம்மாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வாட்ச்மேனிடம் போனேன்.

“ஒண்ணு ரிப்பேரு சார். இன்னொண்ணுல இந்த வண்டி நிக்கு. அவுக போன்ல நிறுத்துனாத்தான் கழலும், நாம இழுத்தா வராது” என்றார்.

வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். “சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ. இப்ப வந்துருவாவ” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சார்ஜரின் திரையில் எண்பத்தி நான்கு என்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். சார்ஜருக்குப் பின்பக்கம் மறைவாகப் போய் எடுத்தேன். குளிப்பாட்டப் போகிறார்களாம், எங்கே வருகிறீர்கள் என்றாள். நாங்குநேரி என்றேன். “இன்னும் நாங்குநேரியா?” என்றாள். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. என் அக்காவுக்காக ஊரே அழுகிறது, நான் அடுத்தவன் வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தபோது அந்த இயந்திரத்தை ஓங்கி மிதிக்கவேண்டும்போல் இருந்தது.

ஒருவழியாகக் கைக்குட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வந்தார். கட்டை மீசை, வெள்ளைச் சட்டை, முகத்தில் சாப்பிட்ட களை.

“என்ன அண்ணாச்சி, காத்துக்கிட்டு நிக்கீயளா?” என்றார். பிறகு, “தூரமா?”

எங்கள் பக்கம் வெளியே கிளம்பினவரிடம் எங்கே என்று கேட்கமாட்டோம், போகிற காரியம் விளங்காது என்பார்கள். தூரமா என்றுதான் கேட்போம். அதற்கு என்ன பதில் என்பதும் சின்ன வயதிலிருந்து நாக்கில் ஊறிப்போன ஒன்று. யோசிக்கும் முன்பே வந்து விழுந்துவிட்டது.

“இல்ல, இந்தா பக்கத்துலதான்.”

“அப்பச் சரி. நமக்கு ரொம்பத் தூரம் போணும். நூறு ஆகட்டும், கழட்டிருதேன்.”

சார்ஜர் முன்னால் தூரம்தான் முறை. தூரம் போகிறவனுக்கும் பேட்டரி காலியானவனுக்கும்தான் முதல் உரிமை, மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அந்த உரிமையை ஒரு வார்த்தையில் நானே கொடுத்துவிட்டேன். மாற்றிச் சொல்லலாமென்றால் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இனி பையத்தான் ஏறும். எனக்குக் கொஞ்ச நேரம் விட்டுக்குடுங்க. பொறவு நீங்களே மாட்டிக்கிடுங்க” என்றேன்.

“நான் கழட்டுவேன், அதுக்குள்ள இன்னொருத்தன் வந்து நிப்பான். அவன்ட்ட நீரா பேசுவீரு?”

“நான் பேசுதேன்.”

“அட இரும் வே. பக்கத்துல போறதுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு படுதீரு?”

“அவசரம் வே!” என்று கத்திவிட்டேன். “பின்னால ஒருத்தன் நிக்கான்னு தெரியுதுல்லா? எண்பதுக்கு மேல போட்டுக்கிட்டு நிக்கீரே, கொஞ்சமாவது முறை வேண்டாமா?”

“முறையப் பத்தி நீரு எனக்குச் சொல்லுதீரா? எனக்கு நூறு வேணும். என்ன காரணம்னு ஓம்மகிட்ட ஒப்பிக்கணுமா?”

“நான் மட்டும் ஒப்பிக்கணுமா?”

வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். திரையில் எண்பத்தி எட்டு. எங்கள் வண்டியின் கதவு திறந்தது. அம்மா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

“என்னலே சத்தம்?”

“ஒண்ணுமில்லம்மா. நீ உள்ள உக்காரு, வெயில் அடிக்கி.”

அவள் உட்காரவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மனுஷருக்கு ஒரு நீதிபதி கிடைத்துவிட்டாற்போல் ஆயிற்று.

“ஆச்சி, நீங்களே சொல்லுங்க. பக்கத்துலதான் போறேங்காரு. பொறவு அவசரங்காரு. அப்படி என்ன அவசரம்னா வாயத் தொறக்க மாட்டேங்காரு.” என் பக்கம் திரும்பினார். “எங்கதான் வே போறீரு?”

கேட்கக்கூடாததைக் கேட்டேவிட்டார். ஆஸ்பத்திரி என்று சொல்லலாம், கல்யாணம் என்று சொல்லலாம், எதுவும் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சொன்னாள்.

“எம் மவ போயிட்டாய்யா. எடுக்கதுக்கு முன்ன மொகத்தப் பாக்கணும். கொஞ்சம் வழி விடுங்க.”

குரல் நடுங்கவில்லை. கடையில் சில்லறை கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்த மனுஷர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்கு முன்னால் நானும் இப்போதுதான் அந்தச் சேதியைக் கேட்டவன்போல நின்றுகொண்டிருந்தேன்.

அவசரமாகப் போனை எடுத்து நிறுத்தினார். கன்னைத் தானே உருவி, வண்டியைப் பின்னுக்கு எடுத்து எனக்கு இடம் விட்டார். என் ஆப்பில் ஓடிபி வரவில்லை. மறுபடியும் கேட்டேன், வரவில்லை. அவசரத்தில் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன். “விடுங்க அண்ணாச்சி, என் போன்லயே போடுதேன்” என்று அவரே மாட்டி ஆரம்பித்துவைத்தார். அவர் போனில் ஆரம்பித்ததை அவர்தான் நிறுத்தமுடியும். அதனால் கிளம்பாமல் வெயிலிலேயே நின்றார்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, நிற்கத்தான் வேண்டும். பெட்ரோல் வண்டி என்றால் ஐந்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். அந்தப் பெண் காரிலிருந்து இறங்கி வந்தார். துட்டி வீட்டில் பெண்கள் செய்வதைப்போல அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் நெற்றியை வைத்தார். அதுவரை கல்லாக நின்ற அம்மா, “எனக்கு முன்னால போயிட்டியே, ஏ மவளே” என்று ஓங்கி அழுதாள். அக்காவைத் தெரியாத, எங்களையும் தெரியாத அந்தப் பெண்ணும் கூடச்சேர்ந்து அழுதார்.

ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இன்னொரு மின்சாரக் கார் வந்து நின்றது. அதை ஓட்டிவந்தவர், எத்தனை சதவீதம் என்று கேட்கத்தான் வந்திருப்பார், பாதி தூரம் நடந்து வந்தார். பார்த்தார். பேசாமல் திரும்பிப்போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும்லே, எடு” என்றபோது நாகர்கோவில் போகப் போதுமான அளவு ஏறியிருந்தது. அந்த மனுஷர் கன்னைக் கழற்றினார். நான் கையைக் கூப்பினேன், அவரும் கூப்பினார். துட்டிக்குப் போகிறவரிடம் போய்வாருங்கள் என்று சொல்லமுடியாதே. நூறு சதவீதம் போட்டுக்கொண்டு அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை.

வண்டி ரோட்டில் ஏறியபிறகு, “உனக்கு எப்பம்மா தெரியும்?” என்றேன்.

“மேலுக்கு முடியாம கெடக்கவளப் பாக்கப் போறோம். ஒரு ஆப்பிள் வாங்கல, ஒரு ரொட்டி வாங்கல. வெறுங்கையோட கூட்டிட்டுப் போற. எனக்குத் தெரியாதாலே?”

“அப்பவே கேட்டிருக்கலாம்லா?”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நான் அழுதா நீயும் அழுவ. நீ ஓட்டணும்லா” என்றாள்.

வழி நெடுக நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். இப்போது வேகமாகவே ஓட்டினேன், ஏசியும் ஓடியது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

நாகர்கோவிலில் அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தபோது பந்தலுக்கு வெளியே ஊர்தி வந்து நின்றிருந்தது. ஆனால் எடுக்கவில்லை. “பொறந்த வீட்டுக்காரங்க வந்தாச்சு” என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள். என் மனைவியும் இன்னும் சில பெண்களும் வண்டியை நோக்கி ஓடிவந்தார்கள். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி அணைத்தேன்.

கதவைத் திறக்கப்போன அம்மா, கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இனி அழுதுக்கோலே” என்றாள்.