கொடியசைக்கக் காத்திருந்த தண்ணீர்

ஒருங்கிணைப்பு என்ற சொல் எனக்கு ஆகாது. அலுவலகத்தில் யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் நான் டீ குடிக்க எழுந்து போய்விடுவேன். விழிப்புணர்வு என்ற சொல்லும் அப்படித்தான். இரண்டும் நல்ல சொற்கள்தான், அவற்றின் மேல் குற்றமில்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது இரண்டும் சேர்ந்து ஒரே ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கின. அதிலிருந்துதான் இந்தப் பகை.

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். மேலத்தெரு, கீழத்தெரு, நடுவில் ஒரு வாய்க்கால். நிலம் வைத்திருந்தவர்கள் மேலத்தெருவில் இருந்தார்கள். அந்த நிலத்தில் நட்டவர்கள், களையெடுத்தவர்கள் எல்லாம் நாங்கள், கீழத்தெரு. குடிதண்ணீர்த் தொட்டியும் மேலத்தெருவில்தான். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வரும் குழாய் சாக்கடையோடு ஓடி, வாய்க்காலுக்கு அடியில் நுழைந்து இந்தப் பக்கம் ஏறும். அந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேயே உடைந்திருந்தது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஊராட்சித் தலைவருக்கும் தெரியும். மகளிர் குழுவுக்கு அம்மாதான் தலைவி. கிராமசபையில் எழுந்து நின்று அம்மா அதைச் சொன்னாள். "பாக்கலாம்" என்றார் தலைவர். பாக்கலாம் என்று அவர் சொன்னால் பார்க்கப்போவதில்லை என்று பொருள்.

புரட்டாசியில் மழை பிடித்தது. சம்பா நடவுக்கு நாற்று தயாராக நின்ற நேரம். நாற்றுப் பறிக்கப் போயிருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா மதியமே வரப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் தெருவில் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்தபடி வரப்பில் ஓடக்கூடிய ஒரே ஆள் அவர். வாந்தி, வயிற்றால் போவது, இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. மறுநாள் காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோது அவர் இல்லை. ஒரே நாளில் ஒரு மனுஷி அத்தனை சிறுத்துப்போவாள் என்று நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்து நான்கைந்து வீடுகளில் ஆள் படுத்தார்கள். தலைவர் எங்கள் தெரு முனை வரை வந்து, இறங்காமல் பைக்கில் உட்கார்ந்தபடியே விசாரித்தார். "கெட்டுப்போன மீனத் தின்னுருப்பீங்க. சொன்னா எங்க கேக்குறீங்க?" என்றார். பெரியம்மாவுக்கு மாரடைப்பு என்று அதிகாரிகள் முடிவு செய்துவிட்டதாகவும் அவர்தான் வந்து சொன்னார். வாந்திபேதி என்று யாரும் வாய் திறக்கக்கூடாதாம், மக்கள் பீதியடைவார்களாம். எங்கள் தெருவில் பீதியடையாமல் பாக்கியிருந்தது ஆடு மாடுகள்தான்.

மேலத்தெரு கோவிலுக்குப் பின்னால் ஒரு அடிபம்பு உண்டு. ஆழத்துத் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். அம்மாவும் இன்னும் சில பெண்களும் குடத்தோடு அங்கே போனார்கள். பம்பின் கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். "கோவிச்சுக்காதீங்க. உங்க வியாதி இங்க வந்துறக்கூடாதுல்ல?" என்று பம்புக்கு எதிர்வீட்டம்மா ஜன்னலுக்குள்ளிருந்து தன்மையாகத்தான் சொன்னார். அவர் வயலில் நடுவதற்குப் போகும்போது எங்கள் கையில் வியாதி இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. 'சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சுத்தம் சோறு போடும்' என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டே தெருவைச் சுற்றியது. எங்கள் வாசலில் வந்தபோது அம்மா ஆட்டோவை மறித்தாள்.

"எந்தத் தண்ணியிலடா கழுவச் சொல்ற?"

"அக்கா, பேசுறது டேப்பு. நான் வண்டி ஓட்டுறவன்" என்று கும்பிட்டான் அந்தப் பையன். அம்மா விட்டுவிட்டாள். அவன் போன பிறகும் அந்தக் குரல் கீழத்தெருவைக் கை கழுவச் சொல்லிக்கொண்டே இருந்தது.

உதவி வராமல் இல்லை. நிறையவே வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் சோப்புப் பெட்டிகளோடு வந்தார்கள். ஏதோ ஒரு சங்கம் ரொட்டியும் போர்வையும் அனுப்பியது. கட்சிக்காரர்கள் பிளாஸ்டிக் வாளிகளில் தங்கள் படத்தை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக வந்தன. அத்தனையும் மேலத்தெருப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் பூட்டப்பட்டன. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுத்தால் குழப்பமாகிவிடும், எல்லாவற்றையும் ஒருங்கிணைத்து ஒரே விழாவில்தான் கொடுக்கவேண்டும் என்று ஜீப்பில் வந்த அதிகாரி சொல்லிவிட்டார். தொடங்கிவைக்க மேலிடத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வரவேண்டும். அவருக்கு நேரம் கிடைக்கவேண்டும். வியாதிக்கு மட்டும் எப்போதும் நேரம் இருந்தது.

அந்த விழாவில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கை கழுவும் முறையை மேடையில் செய்துகாட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்றார்கள். பாதிக்கப்பட்ட தெருப் பிள்ளையாக இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று பாட்டோடு செய்யவேண்டும். ஒத்திகைக்குப் புதிதாக ஒரு பெரிய நீலப் பேசின் வாங்கி வைத்திருந்தார்கள். அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தின் மேடையில் கீழத்தெருப் பிள்ளை யாரும் ஏறியதில்லை. நான் வீட்டில், வாசலில், நடக்கும்போது எல்லாம் வெறுங்கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

விழா நாளன்று காலையில், இறந்துபோன பெரியம்மாவின் மகளுக்கும் வியாதி வந்துவிட்டது. கல்யாணமாகாத அக்கா. தாயின் தீட்டுக்கூடக் கழியாத வீட்டில் சுருண்டு கிடந்தாள். ஊர் சுகாதார நிலையத்து நர்ஸம்மா, பூட்டியிருந்த அந்த வகுப்பறையிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் பொட்டலங்களை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். பொட்டலம் இருந்தது, கரைக்கத் தண்ணீர் இல்லை. வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சலாம் என்றால், தெருவில் இருந்த விறகெல்லாம் நனைந்து புகைந்தது. முந்திய நாள் காய்ச்சி வைத்ததும் தீர்ந்துபோயிருந்தது. அம்மா அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காத பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததை நான் தலைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே பார்த்தேன். விழாவுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டிராக்டர் டேங்கர், கழுத்துவரை நல்ல தண்ணீரோடு நின்றது. அதற்கு வாழைக்கன்று கட்டி, பலூன் கட்டி, பேனரும் கட்டியிருந்தார்கள். ஓட்டுவதற்கு அமர்த்தியிருந்தது என் மாமாவை, அம்மாவின் தம்பியை. பெரிய மனிதர் வந்து கொடியசைத்ததும் வண்டி கிளம்பி எங்கள் தெருவுக்குப் போகவேண்டும். காலையிலேயே வருவதாகச் சொன்னவர் வரவில்லை. தஞ்சாவூரைத் தாண்டிவிட்டார், இதோ வந்துவிட்டார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் மேடையில் பேசினுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

அப்போதுதான் கீழத்தெருப் பெண்கள் வந்தார்கள். முன்வரிசை நாற்காலிகளை நிரப்பப் பெண்களை அழைத்துவரும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் குடத்தோடு வந்தார்கள். நாற்காலிப் பக்கமே திரும்பாமல் நேரே டிராக்டரிடம் போனார்கள்.

"தம்பி, வண்டிய எடு" என்றாள் அம்மா.

மாமா பயந்துவிட்டார். "அக்கா, கொடியசைக்காம எடுக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"கொடி அவன் கையில இருக்கு. சாவி உன் கையிலதானடா இருக்கு?"

மாமா ஒரு நொடி மேடையைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார். அந்தச் சத்தத்தில் மைக் அடங்கிவிட்டது. அதிகாரி ஓடிவந்து டிராக்டருக்கு முன்னால் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. வியர்த்துப்போய், கையில் பேட்ஜ் கொத்தோடு, யாரோ தன்னைத் திட்டப்போகிறார்கள் என்ற பயத்தோடு நின்றார்.

"யாரக் கேட்டு எடுக்குறீங்க? கொஞ்ச நேரம் பொறுங்கம்மா. எல்லாம் ஒரு ஒழுங்குல நடக்கணும்ல?"

"ஒழுங்குலதான் சார் நடக்குது. தாய் செத்தா, இப்ப மக கெடக்குறா. வரிசை கலையாமத்தான் சாவுறோம்" என்றாள் அம்மா.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நாளைக்கும் இந்த ஊர்லதான் இருக்கணும், ஞாபகம் வச்சுக்க" என்றார். அம்மா அவரைத் தாண்டி நடந்தாள். மேடைக்கு ஏறி வந்தாள். என்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நான் பாட்டை ஆரம்பிக்கப் போனேன்.

"பாப்பா, அந்தப் பேசினத் தூக்கு. கரைக்க ஏனம் வேணும்" என்றாள்.

நான் மாட்டேன் என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா பேசினை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாக இழுத்துக்கொண்டு இறங்கினாள். டிராக்டர் நகர்ந்தபோது அதிகாரி தானாகவே ஒதுங்கிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்த நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மட்காடில் ஏறிக்கொண்டார். பலூன்கள் வாய்க்கால் பாலத்து முள்ளில் பட்டு வெடித்துக்கொண்டே வந்தன.

அன்று பகல் முழுக்க எங்கள் தெரு அந்தப் பேசினைச் சுற்றியே இருந்தது. நர்ஸம்மா அளவு சொல்லச் சொல்ல அம்மா கரைத்தாள். ஆண்கள் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அக்காவுக்கு அம்மா கரண்டி கரண்டியாக ஊட்டினாள். குடித்ததை அக்கா வாந்தியெடுத்தாள், அம்மா மறுபடி ஊட்டினாள். வெயில் சாயும் நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து, "வெளிய போவணும்" என்றாள். மூத்திரம் வருகிறது என்றதும் நர்ஸம்மா, "பொழச்சா!" என்று கத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய மனிதர் மதியத்துக்கு மேல் வந்தாராம். டிராக்டரைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. தண்ணீரைத்தான் இறக்கியாகிவிட்டதே என்று மாமா வெறும் டேங்கரை ஓட்டிக்கொண்டு போனார். புதிதாகப் பலூன் ஊதிக் கட்டினார்கள். அவர் கொடியசைத்தார். மாமா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியை நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். மறுபடி அவரை யாரும் ஓட்டக் கூப்பிடவில்லை. செய்தித்தாளில் படம் வந்தது. காலி டேங்கருக்கு முன்னால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மேலத்தெருப் பெண் ஒருத்தி வேறொரு பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல நாள் அம்மாவோடு பேசவில்லை.

அந்த வாரமே குழாயை மாற்றினார்கள். ஏன் மாற்றுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. நோய் நின்றது. விழிப்புணர்வால் வியாதியை விரட்டினோம் என்று அடுத்த கிராமசபையில் தலைவர் பேசினார், அதற்கும் கைதட்டினார்கள். சுத்தமாக இருக்க நாங்கள் கற்றுக்கொண்டதற்காக எங்களைப் பாராட்டினார். இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பிறகு நடவு தொடங்கியது. காலையில் ஆள் கூப்பிட வந்தவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று பெயர் சொன்னார், எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். மறுநாளும் தாண்டிப் போனார். அக்கா உடம்பு தேறி எழுந்ததும் வந்து, "நீங்க இல்லாத வயலுக்கு நானும் போவல" என்றாள். "போடி, உன் வீட்டுல யாரு இருக்கா சம்பாதிக்க?" என்று அம்மா அவளை விரட்டி அனுப்பினாள். நடவு முடிந்தது, களை வந்தது, கதிரும் வந்தது. மேலத்தெரு வயல் எதிலும் அம்மா கால் வைக்கவில்லை.

எனக்கோ அதுதான் கொண்டாட்டம். அதுவரை நான் பள்ளிக்கூடத்திலிருந்து பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்புவேன். இப்போது அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தினமும் எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டாள். மேடைக் கோபமெல்லாம் மறந்துபோனது. மூன்று வேளையும் கஞ்சியாக இருந்தது மட்டும்தான் பிடிக்கவில்லை. வியாதிக்காரர்களுக்குச் சொன்ன பத்தியம் நமக்கும் எதற்கு என்று கேட்டேன். "ஒடம்புக்கு நல்லது பாப்பா" என்றாள். எனக்கு ஊற்றிவிட்டு, தனக்குப் பசியில்லை என்றாள். நான் நம்பினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, வீட்டில் எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்று, வகுப்புக்கே கேட்கும்படி பெருமையாகச் சொன்னேன்.

"எங்கம்மா இனிமே வயலுக்கெல்லாம் போவாது டீச்சர். மேலத்தெரு அம்மாங்க மாதிரி வீட்லயே இருக்கும்."